இங்கிலாந்து மழலையர் காப்பகங்களில் காலி அறைகளை வாடகைக்கு விடுதல்

இங்கிலாந்தில் மழலையர் காப்பகம் நடத்துவோர், குழந்தைகளுக்குப் பயன்படாத அறைகளையும் மாலை, வார இறுதி நாள்களில் காலியாக இருக்கும் அறைகளையும் பிறருக்கு வாடகைக்கு விடுவதுண்டு. இதனால் காப்பகத்துக்குக் கூடுதல் வருமானம் கிடைக்கிறது. எனினும் அறையை வாடகைக்கு விட்ட பின்னரும் குழந்தைகளின் பாதுகாப்புக்குக் காப்பக நடத்துநரே பொறுப்பாவார். ஆகவே எந்த அறையை, எந்த நேரத்தில், யாருக்கு விடலாம் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அறைகள் காலியாவது ஏன்?

ஓர் ஊரில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தால் அறைகள் காலியாகின்றன. பணியாளர் பற்றாக்குறையும் ஒரு காரணம். 2 வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒருவர், 2 வயதுக் குழந்தைகள் 5 பேருக்கு ஒருவர் என்ற அளவில் பணியாளர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆள் கிடைக்காவிட்டால், இடம் இருந்தும் அறையைப் பூட்டி வைக்க நேரிடும். அப்போதும் கட்டட வாடகை, வெப்பமூட்டும் செலவு ஆகியவை குறைவதில்லை.

பரப்பளவுக் கணக்கு

காப்பகத்தின் உள்ளே ஒரு குழந்தைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடம் வயதுக்கு ஏற்ப வரையறுக்கப்பட்டுள்ளது.

2 வயதுக்குட்பட்டோர்: 3.5 சதுர மீட்டர்
2 வயதினர்: 2.5 சதுர மீட்டர்
3 முதல் 5 வயது வரை: 2.3 சதுர மீட்டர்

சமையலறை, கழிவறை, நடைவழி, பொருள் வைக்கும் அறை முதலியவை இக்கணக்கில் சேரா. 35 சதுர மீட்டர் அறை ஒன்றைக் காப்பகம் வேலை நேரத்தில் வாடகைக்கு விட்டுவிட்டால், 2 வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கோ, 3 வயதுக்கு மேற்பட்ட 15 குழந்தைகளுக்கோ உரிய இடம் இல்லாமல் போகும். குழந்தைகளுக்கான இடத்தைப் பாதிக்கும் இத்தகைய மாற்றத்தை, காப்பகங்களைப் பதிவு செய்து ஆய்வு நடத்தும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டுக்கு 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

பாதுகாப்பு

அனுமதியில்லாதவர் உள்ளே நுழையாமல் தடுப்பது நடத்துநரின் கடமை. காப்பக வளாகத்தில் வேலை செய்யும் 16 வயது நிரம்பிய எவருக்கும் விரிவான குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு தேவை. இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. குழந்தைகள் பராமரிக்கப்படும் பகுதியில் வேலை செய்யாதவருக்கும், குழந்தைகள் இல்லாத நேரத்தில் மட்டும் வேலை செய்பவருக்கும் இது கட்டாயமில்லை.

எனவே மாலையிலும் வார இறுதியிலும் நடக்கும் யோகா வகுப்பு, மொழி வகுப்பு, பிறந்தநாள் விழா போன்றவற்றுக்கு அறையை விடுவது எளிது. லண்டனில் தமிழ்ப் பள்ளிகள் பல, வார இறுதியில் பள்ளிக் கட்டடங்களை இவ்வாறு வாடகைக்கு எடுத்தே நடைபெறுகின்றன. பகல் நேரத்தில் விடுவதானால் தனி வாசல், தனிக் கழிவறை, பூட்டக்கூடிய இடைக்கதவு ஆகியவை இருப்பது நல்லது. வருவோர் கைப்பேசியில் படமெடுப்பது பற்றியும் தெளிவான விதி வேண்டும். திங்கட்கிழமை காலை குழந்தைகள் வருமுன், கூர்மையான பொருள்களோ மருந்துகளோ கிடக்கின்றனவா என்று அறையைப் பார்த்துவிட வேண்டும்.

ஒப்பந்தமும் அனுமதிகளும்

காப்பகமே வாடகைக் கட்டடத்தில் இயங்கினால், உள்வாடகைக்கு விடக் கட்டட உரிமையாளரின் இசைவு தேவைப்படலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு ஆணையின்படி செய்யப்பட்ட தீ அபாய மதிப்பீட்டையும் புதுப்பிக்க வேண்டும்.

மணிக்கணக்கில் பயன்படுத்த விடுவது பொதுவாக வெறும் அனுமதி மட்டுமே. ஆனால் ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகை கொடுத்து, அறையை முழுவதும் தம் பொறுப்பில் வைத்திருந்தால் அது குத்தகையாகிவிடும். தாளில் 'அனுமதி' என்று எழுதியிருந்தாலும் நடைமுறையே கணக்கில் கொள்ளப்படும் என்பதைப் பிரபுக்கள் சபை 1985இல் ஸ்ட்ரீட் எதிர் மவுன்ட்ஃபோர்ட் வழக்கில் தெளிவுபடுத்தியது. தொழில் நடத்தும் குத்தகைதாரருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகையைப் புதுப்பிக்கக் கோரும் உரிமை கிடைக்கலாம். அப்போது காப்பகத்துக்கு அறை திரும்பத் தேவைப்பட்டாலும் எளிதில் பெற இயலாது.

நீண்ட காலத்துக்கு விடுமுன்

2025 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில், தகுதியுள்ள வேலை செய்யும் பெற்றோரின் 9 மாதக் குழந்தை முதல் பள்ளி வயதை எட்டும் குழந்தை வரை, ஆண்டுக்கு 38 வாரங்கள் வாரம் 30 மணி நேரப் பராமரிப்புக்கு அரசு நிதி தருகிறது. இதனால் காப்பக இடங்களின் தேவை கூடுகிறது. தொடக்கப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் வகுப்பறைகளை மழலையர் வகுப்புகளாக மாற்றவும் அரசு 2024 முதல் நிதி ஒதுக்கி வருகிறது.

இந்நிலையில் பூட்டிக் கிடக்கும் அறை, அடுத்த ஆண்டே குழந்தைகளுக்குத் தேவைப்படலாம். மாலை, வார இறுதி வாடகையால் குழந்தைகளின் இடம் குறைவதில்லை. பல ஆண்டுக் குத்தகை நிலையான வருமானம் தந்தாலும், அப்பகுதிப் பெற்றோர் இடம் தேடி வரும்போது இல்லை என்று சொல்ல வேண்டிய நிலையை அது உண்டாக்கக்கூடும்.