சாவியைத் திருப்பியதும் என்ன சத்தம் கேட்டது?

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கார் நாள்கணக்கில் அசையாமல் நிற்பதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. வைகாசி பிரம்மோற்சவம் வந்துவிட்டால் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வண்டியை வெளியே எடுப்பதே பெரும்பாடு. 2019 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அத்திவரதர் தரிசனம் தந்த நாட்கள் எப்படி இருந்தன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மற்ற நாட்களிலும், தறி ஓடும் வீடுகளில் புடவையைச் சென்னைக்குக் கொண்டுபோகும் நாளிலோ முகூர்த்த நாளிலோதான் கார் வெளியே வரும். இப்படி நின்ற வண்டி, அதுவும் இரண்டு மூன்று கை மாறிய வண்டி, அவசரமான ஒரு காலையில் ஸ்டார்ட் ஆகாது. உடனே ஒருவர் "செல்ஃப் போச்சு" என்பார், இன்னொருவர் "பேட்டரிய மாத்திடுங்க" என்பார். பாகங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் ஆயிரக்கணக்கில் பணம் கரையும். எதையும் மாற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால், கோளாறு எந்தப் பக்கம் என்பது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும்.

முதல் வேலை காதுக்கு. சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா? இந்த ஒரு கேள்வி பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடும். சுற்றவில்லை என்றால் மின்சாரப் பக்கம். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அல்லது ஸ்பார்க் பக்கம். நன்றாகச் சுற்றுகிற எஞ்சினுக்குப் புது பேட்டரி போடுவது வீண் செலவு.

சுற்றவில்லையா? ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே மங்கி, 'டக் டக் டக்' என்று வேகமாகச் சத்தம் வந்தால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது சக்தி எஞ்சினைச் சுற்றவைக்கும் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் ஊற்றி, சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். இவ்வளவு செய்ததுமே ஓடிய வண்டிகள் ஏராளம்.

ஒரு மல்டிமீட்டர் வைத்திருப்பது நல்லது. சில நூறு ரூபாய்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. கிராங்க் செய்யும், அதாவது சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுற்றவைக்கும், நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம், ஆனால் முழுதாகச் சார்ஜ் செய்த பிறகு பார்த்தால்தான் அந்தத் தீர்ப்பு செல்லும். எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குற்றவாளி ஆல்டர்நேட்டர். புது பேட்டரி வாங்கினாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும். நம் ஊர் வெயிலில் பேட்டரியின் ஆயுள் மூன்று நான்கு வருடம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய வண்டிகளில் பலர் பார்க்காமல் விடுவது எர்த் கம்பி. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துக் கிராங்க் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கிறது. செல்ஃப் மோட்டாரின் மேல் பழியைப் போட்டுக் கழற்றி மாட்டி, கடைசியில் ஒரு கம்பியில் முடிந்த கதைகள் பட்டறைகளில் நிறைய உண்டு.

வெளிச்சம் மங்கவே இல்லை, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்கிறது, அல்லது சத்தமே இல்லை என்றால் செல்ஃப் மோட்டாரின் கார்பன், சோலினாய்டு, ரிலே, ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச் என்று தேடலாம். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் அதற்கு முன் பிரேக்கை அழுத்தி, லீவரை நியூட்ரலில் வைத்து ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பார்க்கில் பிடிக்காதது நியூட்ரலில் பிடித்தால் கோளாறு லீவர் சுவிட்சில்தான்.

வண்டி நிற்கும்போதெல்லாம் பேட்டரி இறங்குகிறதா? முந்தைய சொந்தக்காரர் வெளியே கொடுத்துப் பொருத்திய ஸ்டீரியோ, அலாரம், ஃபாக் லைட் ஆகியவற்றின் வயரைச் சந்தேகப்படுங்கள். எல்லாவற்றையும் அணைத்துக் கதவைப் பூட்டிக் கொஞ்ச நேரம் கழித்தும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் போனால் எங்கோ கசிவு. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினால் எந்த ஃபியூஸில் அளவு இறங்குகிறதோ அங்கே திருடன் இருக்கிறான். எலி கடித்த வயரும் இதைச் செய்யும்.

பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போடுவதாக இருந்தால் கடைசி கறுப்பு முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாதீர்கள். எஞ்சினின் வெற்று இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடியது.

இனி, சுற்றியும் பிடிக்காத எஞ்சின். சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப். பெட்ரோல் முள் பொய் சொல்லும் பழைய வண்டியில் முதலில் ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றிவிடுவது மேல். கேஸ் கிட் போட்ட வண்டியில் டேங்க்கைக் காயப்போட்டே ஓட்டியிருந்தால் பம்ப் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். காலையில் பிடித்து, சூடானதும் மறுத்து, அரைமணி ஆறியதும் மறுபடி பிடித்தால் கிராங்க் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறதா? உடனே நிறுத்துங்கள், டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். 1998-இல் நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கிய சான்ட்ரோவிலும் மாருதி 800-இலும் இருப்பது ரப்பர் டைமிங் பெல்ட். அது அறுந்த பிறகும் கிராங்க் செய்துகொண்டிருந்தால், சில எஞ்சின்களில் வால்வு வளைந்து செலவு பல மடங்காகும்.

கியருக்கும் இதே பிளக்கும் முறைதான். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கியர் பாக்ஸில் குறையில்லை. கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. கேபிள் தளர்ந்திருக்கும், ஹைட்ராலிக் என்றால் எண்ணெய் ஒழுகியிருக்கும். பல சமயம் கேபிளை முறுக்கி இறுக்கினாலே தீரும். அணைத்திருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால் லீவரிலிருந்து பாக்ஸுக்குப் போகும் கேபிளையும் புஷ்ஷையும் பாருங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரவென்றால், பெரும்பாலும் இரண்டாவது, அதன் சின்க்ரோனைசர் தேய்ந்துவிட்டது. போட்ட கியர் தானாக வெளியே குதித்தால் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ரிவர்ஸ் மட்டும் 'கிர்ர்' என்பதை வைத்துப் பயந்துவிடாதீர்கள். பல கார்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோனைசரே கிடையாது. கிளட்ச்சை மிதித்து மூன்று நொடி பொறுத்துப் போடுங்கள்.

கிளட்ச் பிளேட் தேய்வு வேறு. செவிலிமேடு பாலாற்றுப் பாலம் பக்கம் சாலை காலியாக இருக்கும்போது நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் மட்டும் கத்தி, வண்டி வேகம் எடுக்காவிட்டால் பிளேட் வழுக்குகிறது.

2014-இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏஎம்டி வண்டிகள் இப்போது செகண்ட் ஹேண்டாக நிறைய வருகின்றன. அவற்றில் கிளட்ச்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மின்சாரத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர். அதனால் பேட்டரி பலவீனமானாலே கியர் தடுமாறும், நியூட்ரலிலேயே நிற்கும். ஆக்சுவேட்டருக்கு மெக்கானிக் பெரிய தொகை கேட்டால், முதலில் பேட்டரி வோல்ட்டேஜைக் காட்டச் சொல்லுங்கள். அதோடு ஸ்கேனரை மாட்டிக் கோளாறு எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண் ஒரு துப்பு மட்டுமே; அது பேர் சொல்லும் பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட வேண்டாம்.

இன்னும் வாங்கவில்லை, பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் போனில் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கும் என்பதை உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை. இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த பகுதி இது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள், ஸ்டெப்னிக் குழியில் வண்டல் இருக்கிறதா தடவுங்கள், கார்ப்பெட்டைத் தூக்கி முகருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். வயர் இணைப்புகளுக்குள் துரு மெல்ல ஏறி, மாதம் ஒரு சென்சார், மாதம் ஒரு ரிலே என்று போய்க்கொண்டே இருக்கும்.