மாசியில் பூக்கும் மலை: நீலகிரி நடைக் குறிப்புகள்

"மலைக்கு எப்போ போனா பூ பார்க்கலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது குறிஞ்சியைத்தான். அது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 2006, 2018 என்று பூத்தது, அடுத்தது 2030. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மாசி மாதம் நீலகிரியின் மேல்மட்டத்துக்குப் போங்கள் என்பதுதான் என் பதில்.

நம் மரபில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். மாசி, பங்குனி இரண்டும் பின்பனிக்காலம். ஆனால் 2,000 மீட்டருக்கு மேலே கணக்கு வேறு. ஜனவரியில் புல்வெளிகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி உறைபனி விழும். அது ஓயத் தொடங்கும்போதே மலை விழித்துக்கொள்கிறது. மழைக்காலத்தில்தான் பூ வகைகள் அதிகம். ஆனால் அப்போது மூடுபனியும் அட்டையும் சேர்ந்து வரும். மாசியில் வானம் தெளிவாக இருக்கும், பறவைகள் பாடத் தொடங்கியிருக்கும்.

போன பிப்ரவரியில் வனத்துறை அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு அரைநாள் நடந்தேன். காலை ஆறரைக்குக் கிளம்பி பத்தரைக்குள் முடிக்கும் நடை. அதற்குப் பிறகு வெயில் ஏறிவிட்டால் பறவைகள் அடங்கிவிடும்.

மேலே ஏறியதும் முதலில் கண்ணில் படுவது நிலத்தின் அமைப்பு. மேடுகள் முழுக்கப் புல், மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் அடர்ந்த குட்டைக்காடு. இந்தக் காட்டைத்தான் சோலை என்கிறோம். ஆங்கிலத்திலும் அதே தமிழ்ச்சொல்தான் வழங்குகிறது. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு எல்லை. ஏன் மரங்கள் புல்வெளிக்குள் நகர்ந்து வருவதில்லை? முக்கியமான காரணம் உறைபனி. சோலை மரங்களின் நாற்றுகள் திறந்த வெளியில் முளைத்தாலும் பனிக்காலத்தைத் தாண்டுவது அரிது. தீயும் மேய்ச்சலும் இதில் பங்கு வகிக்கின்றன. அதற்காக, யாரோ காட்டை வெட்டியதால் வந்த புல்வெளி இது என்று நினைக்கக் கூடாது. நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கரிமத்தை ஆராய்ந்ததில், 20,000 ஆண்டுகளுக்கு மேலாகவே இங்கே புல்லும் மரமும் மாறி மாறி இடம் பிடித்து வந்தது தெரிந்தது.

அந்தப் புல்வெளியில் துணிந்து தனியாக நிற்கும் மரம் ஒன்று உண்டு. காட்டுப்பூவரசு. கோணல்மாணலான தண்டு, தடித்த பட்டை, தோல் போன்ற இலை. பனியையும் புல்தீயையும் தாங்கும் உடம்பு. பனிக்காலத்தில் பூக்க ஆரம்பித்து மாசியில் கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த பழுப்புப் புல்லுக்கு நடுவே யாரோ சிவப்புத் துணி கட்டி வைத்தது போல இருக்கும். இது ரோடோடென்ட்ரான் இனம். நேபாளத்தின் தேசிய மலர் இதே இனம்தான். இமயமலையில் இருக்கிறது, அதை விட்டால் வெகுதூரம் தாண்டி நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமும் இருக்கிறது. நடுவே உள்ள வெப்பச் சமவெளிகளில் கிடையாது. பனியூழிகளில் குளிர்ச்சி தெற்கே பரவியபோது வந்த மரம், பூமி சூடானதும் உச்சிகளில் ஒதுங்கிவிட்டது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம்.

மரத்தடியில் அசையாமல் நின்றால் பத்து நிமிடத்தில் விருந்தாளி வந்துவிடும். நீலகிரிச் சிரிப்பான். மைனா அளவுகூட இராது. செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேல் வெள்ளைக்கோடு. குரல் நிஜமாகவே யாரோ கேலி செய்து சிரிப்பது போல. பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துவிட்டு அடுத்த கொத்துக்குத் தாவும்.

இந்தப் பறவையில்தான் எனக்குப் பிடித்த புதிர் இருக்கிறது. இதையும் இமயமலைச் சிரிப்பான்களின் நெருங்கிய உறவு என்றே பல காலம் வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். 2017-இல் வெளியான மரபணு ஆய்வு, நம் மலைச் சிரிப்பான்கள் வெகு காலத்துக்கு முன்பே பிரிந்த தனிக்குடும்பம் என்று காட்டியது. மான்டெசின்க்லா என்று புதுப் பேரினம் உருவானது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒன்று, தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கம் வேறொன்று. கணவாயின் அகலம் என்னவோ சுமார் 30 கி.மீ.தான். பேருந்தில் ஒரு மணி நேரம். குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அது கடல் மாதிரி. அதனால்தான் இந்த உச்சிகளை 'வானத்துத் தீவுகள்' என்கிறார்கள். அதே ஆய்வில் சோலைக்குள் தரையோரம் திரியும் நீலப் பறவைக்கு ஷோலிகோலா என்று பேரினப் பெயர் வந்தது. ஆங்கிலப் பட்டியல்களில் அது இப்போது 'ஷோலாகிளி'. சோலைக்கிளியேதான்!

கீழேயும் பார்த்து நடக்க வேண்டும். இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும் புதர் தவிட்டுப்பழச் செடி. சில மாதத்தில் கருநீலப் பழம் தரும். வெள்ளைக் குட்டிமணிகள் தொங்கும் இன்னொரு புதரின் இலையைக் கசக்கினால் வலித்தைலம் மணக்கும். அந்த மணத்துக்குக் காரணமான எண்ணெய்தான் தைலத்திலும் சேர்வது.

ஓரிடத்தில் சரிவு முழுக்க மஞ்சள். "அடடா!" என்று கேமராவை எடுத்தேன். வழிகாட்டி சிரித்தார். "அது நம்ம பூ இல்லீங்க சார். ஸ்காட்ச் ப்ரூம். வெள்ளைக்காரன் கொண்டாந்து வச்சது. அது வந்த இடத்துல மாடுகூட மேயாது."

அந்த மஞ்சளைவிடப் பெரிய பிரச்சினை அதற்கு அப்பால் நின்றது: சீகைமரத் தோப்பு. ஆங்கிலேயர் காலத்தில் வந்த மரம். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் கூழ்மரத்துக்காகவும் சீகை, கற்பூரமரம், பைன் எல்லாம் புல்வெளிகளில் பெருமளவு நடப்பட்டன. 'வெறும் புல்தானே, தரிசு' என்பதே அன்றைய பார்வை. பழனி மலையில் மட்டும் 2014 வரையிலான நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

போனால் என்ன, மரம்தானே வந்தது என்று கேட்கலாம். நெட்டைக்காலியிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. நீலகிரி நெட்டைக்காலி என்பது கோடு போட்ட பழுப்புச் சிறுபறவை. பார்த்தால் யாரும் படம் எடுக்க மாட்டார்கள். புல்லுக்குள் ஓடி, புல்லடியில் கூடு கட்டி, உயரமான புல்வெளியிலேயே வாழ்ந்து முடிக்கும். தோப்புக்குள் அதற்கு வாழ்வில்லை. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் அது இல்லை. பவானி போன்ற ஆறுகள் தொடங்குவதும் இந்தப் புல்லும் சோலையும் சதுப்பும் சேர்ந்த நிலத்தில்தான்.

சரி, சீகையை வெட்டினால் தீர்ந்ததா என்றால், இல்லை. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். தீ பட்டால் ஒரேயடியாக முளைக்கும். அதோடு சில பழைய தோப்புகளின் நிழலில், உறைபனி படாததால், சோலை நாற்றுகள் தாமாக வளர்கின்றன. அங்கே விட்டுவிடுவதே நல்லது. புதிதாகப் புல்வெளிக்குள் நுழையும் கன்றுகளை முதலில் பிடுங்க வேண்டும். மலை முழுக்க ஒரே மருந்து கிடையாது. 'மரம் நடுவோம்' என்று நல்லெண்ணத்தோடு கிளம்புகிறவர்கள் நடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேட்டாலே பாதிச் சிக்கல் குறையும்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாசியும் பங்குனியும் காட்டுத்தீ காலமும்கூட. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் புல்வெளித் தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இல் இணையவழி முன்பதிவும் வந்தது. தீ அபாயம் கூடினால் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் குறுக்குவழி தேடாமல் திரும்பிவிடுங்கள். திறந்திருந்தால் தண்ணீர், தொப்பி, தொலைநோக்கி போதும். கூட்டமாகப் பேசிக்கொண்டு போகாதீர்கள். காட்டெருமைக்கும் உங்களுக்கும் நடுவே தூரம் இருக்கட்டும். சிவப்புப் பூவைப் பார்த்த பிறகு, காலடியில் ஓடும் அந்தப் பழுப்புக் குருவியையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.