எலியும் இல்லமும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியனொருவன் எலியைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் எலியாலே நாம் இழந்தது ஓர் ஏட்டுச்சுவடி. ஆதலின் இப்பொருளைப் பற்றிப் பேச எமக்கும் சிறிது உரிமை உண்டு எனக் கருதுகின்றோம்.

எம் தாய்வழிப் பாட்டனார் நாட்டு வைத்தியர். அவர் தம் கைப்பட எழுதிய வாகட ஏடு எம் வீட்டுப் பரணிலே ஒரு மரப்பெட்டியில் இருந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் எம் அன்னையார் அதனைச் சேலையிற் சுற்றித் தம்முடன் எடுத்துச் சென்றார். திரும்பியபோது மறவாது கொண்டுவந்து வைத்தார். போருக்குத் தப்பிய அவ்வேடு எலிக்குத் தப்பவில்லை. ஒரு மாரிகாலத்தின் பின் பெட்டியைத் திறந்தபோது, அதனுள்ளே ஓலைத் துகளும், அத்துகளாற் கட்டிய எலிக்கூடும், சிதையாத நான்கு ஏடுகளுமே இருந்தன.

சினங்கொண்டு நஞ்சு வாங்கி வைத்தோம். சில எலிகள் இறந்தன. அவற்றுள் ஒன்று எம் கைக்கு எட்டாத கூரை மூலையிலே கிடந்து அழுகி, பத்து நாள் வீட்டிலிருக்க விடவில்லை. அயல்வீட்டுப் பூனையும் எம் கிணற்றடியில் இறந்து கிடந்தது. அவ்வீட்டு ஆச்சி எம்மை ஒரு சொற் கேட்டிலர். கேட்டிருந்தால் எம் மனம் ஓரளவு ஆறியிருக்கும். அடுத்த கார்த்திகையிலோ எலிகள் முன்போலவே பரணில் ஓடின. எலியைக் கொல்வது வேறு, எலியை வீட்டிலிருந்து நீக்குவது வேறு என்பதை அதன் பின்னரே கற்கத் தொடங்கினோம். கற்றவற்றை இங்கே கூறுவோம்.

முதலிற் பகைவனை அறிதல் வேண்டும். எம் வீடுகளை நாடுவன பெரும்பாலும் மூன்று வகையின. கூரையிலும் மரத்திலும் ஏறி வாழ்வது வீட்டெலி; உடலினும் நீண்ட வால் அதற்குண்டு. பெட்டிகளிலும் அலுமாரிகளிலும் புகுந்து வாழ்வது சுண்டெலி. மண்ணைத் தோண்டி வளை அமைப்பது பெருச்சாளி. தெலுங்கர் இதனைப் ‘பந்திக்கொக்கு’, அதாவது பன்றியெலி, என்பர். ஆங்கிலேயர் வழங்கும் ‘பண்டிக்கூற்’ என்னும் பெயர் அதிலிருந்தே பிறந்தது. மூஞ்சூற்றை இக்கூட்டத்திற் சேர்த்தல் தவறு. அஃது எலியினமன்று, கரப்பான் முதலிய பூச்சிகளையே பெரிதும் உண்பது. கூரிய மூக்கும் கடிய நாற்றமும் கொண்டு இரவிலே சுவரோரமாய்ச் செல்லும் அச்சிற்றுயிரைக் கொல்லாது விடுதலே நன்று.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பன. பசிக்கு மட்டுமன்றி எதிர்ப்பட்ட தடையை அறுக்கவும் அது கறித்துக்கொண்டே இருக்கும். மரம், பிளாத்திக்கு, மின்கம்பியின் மேலுறை யாவும் அதன் பல்லுக்கு இரையாவன. எலி கடித்த மின்கம்பியினால் தீ மூளுவதும் உண்டு. எலியின் சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம்; ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் பிறக்கலாம்; அவை மூன்று நான்கு மாதத்துள் தாமும் ஈனத்தக்கனவாகும். எனவே பத்தில் எட்டைக் கொன்றாலும், எஞ்சிய இரண்டும் உண்ண உணவும் ஒதுங்க இடமும் பெற்றிருப்பின் சில மாதங்களில் அவ்விடத்தை நிரப்பிவிடும்.

இஃது எம் வீட்டு அனுபவம் மட்டுமன்று. 1940களிலே அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலே டேவிட் டேவிஸ் என்னும் விலங்கியலாளரும் அவருடன் உழைத்தோரும் நகரத்து எலிகளை ஆராய்ந்தனர். எலிகளைக் கொன்று மட்டும் விட்ட இடங்களில் அவை மீண்டும் பெருகின. குப்பையையும் ஒதுக்கிடங்களையும் அகற்றிய இடங்களிலோ அவற்றின் தொகை குறைந்து நின்றது. ஒரு வீட்டில் எத்தனை எலி வாழும் என்பதைத் தீர்மானிப்பது நாம் வைக்கும் பொறியன்று. நாம் அளிக்கும் உணவும் இடமும் வழியுமே. இம்மூன்றையும் முறையே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது உணவு. அரிசி, மா, பயறு, ஒடியல், கருவாடு முதலியவற்றைச் சாக்கிலும் பொலித்தீன் பையிலும் வைத்தல் எலிக்கு விருந்து வைத்தலேயாம். இறுகிய மூடியுள்ள தகரம், கண்ணாடி, சில்வர் பாத்திரங்களே எலிப்பல்லுக்கு ஈடுகொடுப்பன. நெல்மூடைகளைச் சுவரோடு சேர்த்து நிலத்தில் அடுக்காது, சுவரினின்று ஒன்றரை அடி தள்ளிக் கோக்காலியின் மேல் அடுக்குதல் வேண்டும். கீழும் புறமும் பார்க்க முடிந்தால் எலி ஒதுங்காது. நம் முன்னோர் உறி கட்டியதன் பொருளும் இதுவே. உறிக்கயிற்றிலே சிரட்டையொன்றைக் கவிழ்த்துக் கோத்துவிட்டால் மேலிருந்து இறங்கும் எலிக்கு அது தடையாகும். துறைமுகத்திற் கப்பற் கயிறுகளிலே வட்டத் தகடு பூட்டுவதும் இம்முறையே. திருவிய தேங்காய்ச் சிரட்டை, கோழித்தீன், நாய்க்கு வைத்த சோற்றின் மிச்சம் ஆகியன இரவிலே முற்றத்திற் கிடத்தல் ஆகாது.

சாமியறையையும் மறத்தல் கூடாது. திருமறைக்காட்டிலே அணையப்போன விளக்கின் திரியைத் தூண்டிய எலி மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தியானமை சைவர் யாவரும் அறிந்ததே. நம் வீட்டெலிக்கு அத்தகைய நோக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. எண்ணெயூறிய திரியை அது இழுத்துச் சென்று பரணிலே போட்டுவிடும். எரியுந் திரியாயின் வீட்டுக்கே கேடாகும். பூசை முடிந்தபின் விளக்கைக் கவனித்து அணைத்து, படையலையும் எடுத்துவிடுதல் நன்று.

இரண்டாவது ஒதுக்கிடம். பழைய கடதாசிக்கட்டு, உடைந்த தளபாடம், பயன்படாத துணிமூட்டை, கோடியிலே குவித்த விறகும் பன்னாடையும் ஆகியவை எலிக்கு மாளிகைகள். விறகை நிலத்தினின்று ஓரடி உயர்த்தி, வீட்டுச் சுவரைச் சாராது அடுக்குக. கூரையைத் தொடும் மாங்கிளையையும் முருங்கைக் கிளையையும் வெட்டி, கூரைக்கும் கிளைக்கும் இடையே ஆறடி வெளியேனும் விடுக. வீட்டெலி மூன்று நான்கு அடி தாவவல்லது. வீட்டை அடுத்து நிற்கும் தென்னையிலே ஆள் உயரத்திற்கு மேல் வழுவழுப்பான தகரத்தை இறுக்கச் சுற்றிவிட்டால் எலி அதனைக் கடந்து ஏறாது, குரும்பையும் தப்பும்.

மூன்றாவது வழி. பென்சில் நுழையும் துவாரத்தாற் சுண்டெலி நுழையும். பெருவிரல் நுழையும் துவாரத்தால் வளர்ந்த எலியும் நுழையும். இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வருக. கதவின் அடி, நீர்க்குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைத்துச் செல்லும் இடம், ஓட்டுக் கூரை சுவரிற் பொருந்தும் இடம், கழிவுநீர் செல்லும் துளை ஆகியனவே பெரும்பாலும் எலியின் வாயில்கள். சுவரிலே கரிய எண்ணெய்ப்பிசுக்குப் படிந்த கோடும், கூலம் போன்ற எச்சமும் அது செல்லும் பாதையைக் காட்டும். துணியும் கடதாசியும் மரத்துண்டும் வைத்து அடைத்தல் வீண். சீமெந்து, தகரம், கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலை ஆகியவற்றாலேயே அடைத்தல் வேண்டும். கதவடியில் தகரப்பட்டி அறைக.

உள்ளே எலியிருக்க எல்லா வழியையும் ஒருங்கே அடைத்தலும் தவறாகும். எலி உள்ளே கிடந்து இறக்கும். அன்றிப் புதுவழி அறுக்கும். வெளித் துவாரங்களை அடைத்து வருகையில் எலி மிகுதியாக வழங்கும் ஒன்றிரண்டைக் கடைசிக்கு விட்டு, உள்ளே பொறி வைக்குக. எலி புதுப்பொருளுக்கு அஞ்சும் இயல்பினது. முதல் மூன்று நாள் பொறியைப் பூட்டாது, சுட்ட தேங்காய்ச் சொட்டையோ கருவாட்டையோ வைத்து உண்ணப் பழக்குக. நாலாம் நாள் எல்லாப் பொறிகளையும் ஒருங்கே பூட்டுக. ஒரு பொறியினும் ஆறு பொறி நன்று. எலி சுவரோரமாகவே செல்லுமாதலால், இரை சுவர்ப்புறம் இருக்குமாறு பொறியைச் சுவருக்குக் குறுக்காக வைத்தல் வேண்டும். பின்னர் எஞ்சிய துவாரத்திலே கடதாசியைத் திணித்துப் பார்க்க. மூன்று இரவு அது கலையாதிருப்பின் சீமெந்தால் மூடிவிடலாம்.

நஞ்சு கடைசி வழி. 1948 ஆம் ஆண்டு முதல் எலிக்கொல்லியாக வழங்கிவரும் வார்பரினும் அதன் இனத்தனவும் குருதி உறையும் ஆற்றலைக் கெடுத்துச் சில நாளிற் கொல்வன. சிங்க் பொசுபைட்டு என்பது இரைப்பையிலே நச்சுவாயுவை எழுப்பி விரைவிற் கொல்வது. இவை எலிக்கென்று தனியே அமைந்த நஞ்சல்ல, குழந்தைக்கும் நஞ்சே. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் கூகையும் மடியலாம். எலியை ஒழிப்பதில் எமக்கு ஊதியமின்றி உதவுவன கூகையும் சாரைப்பாம்பும் அல்லவா? நஞ்சு வைத்தே தீரவேண்டுமெனின், குழந்தையின் கையும் வளர்ப்புயிரின் வாயும் புகாத பூட்டிய இரைப்பெட்டியிலே வைக்குக. எவரேனும் அதனை உண்டதாக ஐயுற்றால், அறிகுறி தோன்றும்வரை காத்திராது, நஞ்சின் உறையுடன் உடனே வைத்தியசாலைக்கு விரைக.

எலியின் கேடு பொருட்கேட்டோடு நிற்பதன்று. 1914 ஆம் ஆண்டிலே கொழும்பிற் கொள்ளைநோய் புகுந்தது. எலியின் உடலிலுள்ள தெள்ளே அந்நோயைப் பரப்புவது. இன்று எமக்கு அண்மையில் நிற்பது எலிக்காய்ச்சல். 2024 ஆம் ஆண்டு மார்கழியிலே, பெருமழை வெள்ளத்தின் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அந்நோய் பரவிச் சில உயிர்களைக் கொண்டது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீரிலுள்ள கிருமி வெள்ளத்திலும் சேற்றிலும் கலந்து, காலிலுள்ள சிறு புண் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடலிற் புகும். கடுங் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் என்பன அதன் குறிகள். தொடக்கத்திலேயே மருந்து கொண்டாற் குணமாகும். தாழ்த்தினால் ஈரலும் சிறுநீரகமும் கெடும். சேற்றில் இறங்குவோர் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டறிக. எலியெச்சத்தை உலர்ந்தபடி கூட்டுதலும் ஆகாது. யன்னல்களைத் திறந்து, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையணிந்து துடைத்தெடுக்குக.

மாரியில் வயலும் வளையும் நீரில் மூழ்க, எலிகள் மேட்டை நாடி வீட்டிற்கு வரும். ஆதலால் அடைக்கும் வேலையை ஆவணி புரட்டாதியிலே முடித்தல் வேண்டும். மாணவரே, ஒரு சனிக்கிழமை பென்சிலொன்றை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். எத்தனை வாயில் கண்டீர்கள் என்பதை அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. பூட்டு மனிதரைத் தடுக்கும், எலியைத் தடுக்காது. பூட்டிய வீட்டிற் பெருகும் எலி அயலார் அடுக்களைக்கும் செல்லும். திறப்பை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, மாதத்துக்கு ஒருமுறையேனும் திறந்து பார்க்கச் செய்யுங்கள். அவ்வீட்டுப் பெட்டிகளில் ஏடோ பழைய நூலோ கல்லூரி மலரோ இருப்பின், அடுத்த வருகைவரை அவற்றை விட்டுவையாதீர்கள். இறுகிய தகரப்பெட்டிக்கு மாற்றுங்கள். நூலக நிறுவனம் போன்றவை அத்தகையவற்றை எண்ணிம வடிவிற் பதிந்து காத்துவருகின்றன.

எம் பாட்டனாரின் எஞ்சிய நான்கு ஏடுகளும் இப்போது தகரப்பெட்டியில் உள்ளன. அவற்றுள் ஒன்று பிள்ளைகளின் மாந்தத்துக்குக் கூறிய மருந்தின் முற்பாதி. பிற்பாதி எந்த ஏட்டில் இருந்தது என்பதை அறிந்தவர் எவருமிலர். பரணிலே இரண்டு அங்குலத் துவாரமொன்றை நாம் உரிய காலத்தில் அடைத்திருந்தால் அம்மருந்து இன்று முழுமையாக இருந்திருக்கும். உங்கள் வீட்டுப் பரணை இன்றே ஏறிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.