கையசைவில் கேட்ட தீர்ப்பு

கிரிக்கெட் நடுவர் ஒரு விரலை உயர்த்தினால் மட்டையாளர் வெளியேற வேண்டும். இரு கைகளையும் உயர்த்தினால் ஆறு ஓட்டங்கள். அரங்கின் கடைக்கோடியில் இருப்பவரும் இதனைக் கண்டே அறிவர். ஆனால், 1880களில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் நடுவர் தம் தீர்ப்பைக் குரலால் மட்டுமே அறிவித்தார். அக்குரலைக் கேட்க இயலாத ஒருவர் அவ்விளையாட்டில் புகழ் பெற்றார். அவர் பெயர் வில்லியம் ஹோய்.

ஹோய் 1862ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் கண்ட மூளைக்காய்ச்சல் அவரது செவித்திறனைப் பறித்தது. கொலம்பஸ் நகரில் காதுகேளாதோர் பள்ளியில் பயின்று, முதல் மாணவராகத் தேறினார். சிலகாலம் காலணி தைக்கும் தொழில் செய்தார். 1886இல் ஆஷ்கோஷ் நகர அணியில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்தார்.

பேஸ்பாலில் மட்டையாளர் அடிக்காமல் விடும் ஒவ்வொரு பந்தும் உரிய எல்லைக்குள் வந்ததா, விலகிச் சென்றதா என்பதை நடுவர் கூறுவார். ஹோய் ஒவ்வொரு முறையும் திரும்பி நடுவரிடம் கேட்டறிய வேண்டியிருந்தது. அவர் மீண்டும் ஆயத்தமாகும் முன்னரே எதிரணியினர் அடுத்த பந்தை வீசிவிடுவர். அதனால் முதல் ஆண்டில் அவரது ஆட்டம் சோபிக்கவில்லை.

ஹோய் மனம் தளரவில்லை. ஒரு வழி கண்டார். மூன்றாம் தளத்தின் அருகே நிற்கும் தம் அணிப் பயிற்சியாளரைச் சைகை காட்டுமாறு வேண்டினார். எல்லைக்குள் வந்த பந்துக்கு வலக்கை. விலகிய பந்துக்கு இடக்கை. அதன்பின் அவரது ஆட்டம் சிறந்தது. 1888இல் வாஷிங்டன் அணிக்காக முதன்மைத் தொடரில் அடியெடுத்து வைத்த ஆண்டிலேயே, அக்காலக் கணக்கின்படி 82 தளங்களை விரைந்தோடிக் கவர்ந்து முதலிடம் பெற்றார்.

ஹோய் வெளிக்களத்தின் நடுவில் நிற்பவர். அங்கிருந்து எறியும் பந்து நெடுந்தொலைவு கடந்து இறுதித் தளத்தை அடைய வேண்டும். 1889 ஜூன் 19 அன்று ஒரே ஆட்டத்தில் அவ்வாறு எறிந்து மூவரை ஆட்டமிழக்கச் செய்தார். உயரே எழும் பந்தைத் தாம் பிடிக்கப்போவதை ஒரு மெல்லிய ஒலியால் உணர்த்துவார். அவ்வொலி கேட்டால் தாம் விலகிக்கொள்வது வழக்கம் என்று உடன் ஆடிய சாம் கிராஃபர்டு பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

முதன்மைத் தொடர்களில் 14 பருவங்கள் ஆடி, 2000க்கும் மேற்பட்ட வெற்றி அடிகளைக் குவித்து, 1902இல் அவற்றினின்று விடைபெற்றார். இன்று பேஸ்பால் நடுவர்களும் கையசைத்தே தீர்ப்பு வழங்குகின்றனர். இவ்வழக்கம் ஹோயால் தோன்றியது என்பர் சிலர். ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை. ஆயினும், தமக்குத் தேவையான சைகையை அவர் கேட்டுப் பெற்றார் என்பது உண்மை.

1961 அக்டோபரில் சின்சினாட்டி நகரில் நடைபெற்ற உலகத் தொடர் ஆட்டம் ஒன்றில், 99 வயது முதியவரான ஹோய் தொடக்கப் பந்தை எறிந்தார். அரங்கின் ஆரவாரம் அவர் செவியை எட்டவில்லை. கண்கள் அதனைக் கண்டன. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

சிந்தித்து விடை எழுதுக:
1. ஹோயின் ஆட்டம் முதல் ஆண்டில் சிறக்காமைக்குக் காரணம் யாது?
2. அவர் கண்ட வழி யாது?
3. உம் வகுப்பில் காதுகேளாத மாணவர் ஒருவர் சேர்ந்தால், எவ்வெவற்றை மாற்றி அமைப்பீர்?