பற்களை எண்ணிப் பார்த்தீர்களா?

துவிச்சக்கர வண்டி வாங்கச் செல்வோர் நிறத்தைப் பார்ப்பர். றிம்மின் பளபளப்பைப் பார்ப்பர். மணியைக்கூட ஒருமுறை அடித்துப் பார்ப்பர். முன்னே செயின்வீலிலும் பின்னே பிறீவீலிலும் எத்தனை பற்கள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பவரை நான் கண்டதில்லை. கணிதம் கற்பிக்கும் நானே சென்ற ஆண்டுச் சோளகக் காலம் வரை எண்ணியதில்லை.

எங்கள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தீவுப்பகுதியிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக நாள்தோறும் சைக்கிளில் வருபவன். ஆனி மாதத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வராது நின்றான். அழைத்து விசாரித்தேன்.

"காலமை வாறது சுகம் சேர். பின்னேரம் போகேக்கைதான் ஏலாது. முழங்கால் நோகுது" என்றான். படிப்பை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதையும் மெல்லச் சொன்னான்.

சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவது; பாலமோ நகரிலிருந்து தென்மேற்கு நோக்கிச் செல்வது. ஆகவே காலையில் முதுகைத் தள்ளிய காற்று மாலையில் நெஞ்சில் அறையும். இருபுறமும் பரவைக்கடல், ஒதுங்குவதற்கு ஒரு வேலிகூடக் கிடையாது. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் செல்பவனைப் பத்து மைல் வேகக் காற்று எதிர்த்தால், காற்றின் தடை இரு மடங்காவதன்று, நான்கு மடங்காகும். மலையில்லாத யாழ்ப்பாணத்தில் காற்றே மலை.

ஆயினும் அதே பாலத்தில் அவனிலும் மெலிந்த பிள்ளைகள் சிரமமின்றிச் செல்கிறார்களே என்ற ஐயம் எனக்கு இருந்தது. அவனது சைக்கிளைத் திருப்பி வைத்துப் பற்களை எண்ணினோம். முன்னே 48; பின்னே 16. மூத்தவன் வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பூட்டுவித்ததாம். மிதி ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் மூன்று முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 88 அங்குலம். எனவே காலின் ஒரு சுற்றுக்கு வண்டி 22 அடி நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்குப் பதினைந்து மைல். காற்றில்லாத வேளையில் இன்பம்தான். எதிர்க்காற்றிலோ அவன் முப்பது சுற்றுக்கூட மிதிக்க மாட்டாமல், ஒவ்வொரு சுற்றிலும் முழங்காலை நெரித்துக்கொண்டிருந்தான்.

இக்கணக்கை இன்னொரு வகையாகவும் சொல்வர். மூன்றை 28 ஆற் பெருக்கினால் 84 அங்குலம். செயின் இல்லாத பழைய உயரச் சைக்கிளில் மிதி முன்சக்கரத்திலேயே பொருந்தியிருந்தது. சவாரி செய்பவரின் கால் எட்டும் அளவுக்குமேல் சக்கரம் பெரிதாக இயலாது. 1885 இல் கொவன்ரி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி செய்த 'றோவர்' பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டி அந்த எல்லையை நீக்கியது. எங்கள் மாணவன், பாவம், 84 அங்குல உயரச் சக்கரத்தை மிதித்தது போன்ற பாட்டைத்தான் பட்டுக்கொண்டிருந்தான்!

சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்காரர் என் கணக்கைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருவது பல்லுப் போட்டால் சரி மாஸ்ரர். செயினிலை ஒரு அங்குலம் சேர்க்கவேணும்" என்றார். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் விறகும் நெல்லும் ஏற்றியோர் பெரிய பிறீவீலைத்தான் கேட்டு வாங்கினார்கள் என்றும் சொன்னார். பிறீவீலை மாற்றுவது செயின்வீலை மாற்றுவதிலும் எளிது, மலிவு. இரண்டு பல் மட்டுமே கூட்டுவதாயின் பின்சக்கரத்தைக் கால் அங்குலம் முன்னே தள்ளினாற் போதும். செயினைத் தொடவே வேண்டாம்.

48 க்கு 20 என்றால் ஒரு சுற்றுக்குப் பதினேழரை அடிக்குச் சற்று மேல். அறுபது சுற்றுக்குப் பன்னிரண்டு மைல் வேகம். காலுக்கு விழும் பாரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

சைக்கிளுக்கு ஒரேயொரு விகிதம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், பயணத்தின் மிகக் கடினமான பகுதிக்கு ஏற்றதையே வைத்துக்கொள்ளவேண்டும் என்பது என் கருத்து. அந்த இடத்தில் ஒரு நிமிடத்தில் வலக்கால் எத்தனை முறை கீழிறங்குகிறதென்று எண்ணுங்கள். ஐம்பதுக்கு வெகுவாகக் குறைந்தால் பின்னே இரண்டு பல் கூட்டுங்கள். வெறும் கையுடன் ஊருக்குள் திரிபவருக்கு 44 க்கு 18 போதுமானது. பின்னே பிள்ளையும் முன்னே அரிசிப் பையுமாகச் செல்லும் தாய்மாருக்கு 20 அல்லது 22 நன்று. கடுகண்ணாவை ஏறுவோருக்கு நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். அவர்கள் இறங்கி உருட்டுவதே மேல்.

நட்டமில்லாமலும் இல்லை. காற்று முதுகில் இருக்கும்போது கால் வீணே வேகமாகச் சுழலும். மாணவன் இப்போது ஒழுங்காக வருகிறான். ஆனால் காலையில் பாலத்தில் சிறு பையன்களெல்லாம் தன்னை முந்திச் செல்கிறார்கள் என்று என்மேல் சிறிது கோபமாகவே இருக்கிறான்.