மலையில்லாத சீமையில் ஒரு மலை

தஞ்சைச் சீமையில் பிறந்தவர்களுக்கு ஒரு குறை உண்டு. நெல் உண்டு, நீர் உண்டு, கோயிலும் கோபுரமும் உண்டு, சங்கீதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் மலை மட்டும் கிடையாது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளை மலை வரையச் சொன்னால், பெரிய கோயில் விமானத்தைப் போல ஒன்றை எழுதி, பக்கத்தில் இரண்டு தென்னை மரங்களையும் நட்டுவிடுகிறார்கள்! விடுமுறை வந்தால் பெற்றோர்கள் கொடைக்கானலா, உதகமண்டலமா என்று யோசிப்பதும், செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டோடு இருந்துவிடுவதும் வழக்கம்.

இம்முறை நாங்கள் வேறொரு யோசனை செய்தோம். மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஆசிரியர்கள் மூவரும் மாணவ மாணவியர் பதினெண்மருமாக வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரைக்கு நடந்தே போவது என்று தீர்மானித்தோம். எல்லாம் சேர்த்துப் பத்து மைலுக்குள் அடங்கும்.

பத்து மைல் என்ற கணக்கு நாங்கள் கண்டுபிடித்ததன்று. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து பதினோராண்டுகள் நிறைந்த அதே தினத்தில், ராஜாஜி சுமார் 100 தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். தஞ்சை, கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ 150 மைல் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். நாளொன்றுக்குப் பத்து மைல்; அதுவும் சித்திரை வெயிலில்! ராஜாஜிக்கு அப்போது வயது 51. சத்தியாக்கிரகிகளுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று ஜில்லாக் கலெக்டர் தார்ன் துரை அறிவித்திருந்தார். அதன் பலன், சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. மரத்தின் மேல் வழக்குத் தொடர எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?

விடியற்காலையில் வேதாரண்யத்தில் இறங்கி, திருமறைக்காட்டு ஈசனைத் தரிசித்தோம். அப்பர் பாடத் திறந்தும், சம்பந்தர் பாட மூடியும் கொண்ட கதவு இவ்வாலயத்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்ற வைரப்பனுக்கும் இவ்வூரில் நினைவுத்தூண் இருக்கிறது. கத்தி பிடிக்கும் தொழிலாளி ஒருவர் கத்தியைக் கீழே வைத்தே சர்க்காரோடு போராடியது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண் நிற்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து அகல ரயில் பாதையும் இவ்வூர் வரை வருகிறது. நாங்கள் அங்கே நின்ற அரைமணி நேரத்தில் கோடிக்கரையை நோக்கி எத்தனையோ கார்கள் பறந்தன, ஒன்றாவது நிற்கவில்லை. வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரை ஏழு மைல்தான். காரில் கால்மணி நேரம். அந்த வேகத்தில் தூணும் ஒன்றுதான், தந்திக் கம்பமும் ஒன்றுதான்.

"உப்பை அள்ளினால் ஏன் சார் கைது செய்தார்கள்?" என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பறையில் 1882-ஆம் வருஷத்து உப்புச் சட்டத்தைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். இங்கே எதிரிலேயே உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசச் செய்தன. கடல் கொடுக்கும் நீர். சூரியன் கொடுக்கும் வெப்பம். பலகையால் வாரிக் கரையேற்றுவது ஏழையின் கை. நடுவில் சர்க்கார் எங்கே வந்தது? 1930 ஏப்ரல் 30-ந் தேதி ராஜாஜி குனிந்து உப்பை அள்ளியதும் கைது செய்யப்பட்டார் என்று சொன்னபோது, பையன் தானும் குனிந்து பார்த்தான்.

பதினொரு மணிக்குள் நாங்கள் கொண்டு வந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஆசிரியர்களாகிய எங்கள் கணக்கே பிசகு. சுற்றிலும் நீர், ஒரு வாய் குடிப்பதற்கில்லை. பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவர் தம் குடத்தைக் கொண்டு வந்து, "புள்ளைங்க மொதல்ல குடிக்கட்டும்" என்றார். அந்தக் குடம் அவருக்கு மாலை வரை இருக்க வேண்டியது. அவருடைய பாதங்கள் உப்பில் வெடித்திருந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கடற்சேறு பாத்திகளை மூடிவிட்டதாம். வேலையின்றி இருந்த நாட்களை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார். எங்களில் சின்னப் பெண்ணின் கைக்குட்டையில் ஒரு பிடி உப்பையும் முடிந்து கொடுத்தார். மரக்கிளையில் தொங்கிய பொட்டலங்கள் எங்கள் நினைவுக்கு வந்தன.

அப்பால் சதுப்பு நிலம். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் பூநாரைக் கூட்டம்! சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தாரும் இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்ததுண்டு. கோடிக்கரை 1967-இல் சரணாலயமாயிற்று. வனத்துறையாரிடம் சீட்டு வாங்கி, வழிகாட்டி ஒருவருடன் உள்ளே சென்றோம். வெளிமான்கள் புல்வெளியில் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தன. முறுக்கேறிய கொம்புள்ள கலைமான் ஒன்று மட்டும் எங்களை லட்சியம் செய்யவே இல்லை. கட்டுக்கடங்காத குதிரைகளும் திரிந்தன. புயலில் சாய்ந்த மரங்கள் சில இன்னும் கிடக்கின்றன. சீமைக்கருவேல் புகுந்து புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. புல் போனால் மான் எங்கே போகும் என்று வழிகாட்டி கேட்டதற்கு எங்களிடம் விடையில்லை.

மாலையில் ராமர் பாதத்தை அடைந்தோம். மணல்மேடு ஒன்று; அதன் மேல் சிறு மண்டபம், உள்ளே பாதச் சுவடுகள். ராமபிரான் இங்கு நின்று இலங்கையை நோக்கினார் என்பது ஐதிகம். இந்தப் பக்கத்தில் இதைவிட உயர்ந்த இடம் இல்லை. உயரமோ, இரண்டு மூன்று ஆள் மட்டந்தான்.

"இதுதானா சார் நம்ம மலை?" என்றாள் சின்னப் பெண். எல்லோரும் சிரித்தோம். ஆனால் மேலே ஏறியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு புறம் பச்சைக் காடு. ஒரு புறம் வெள்ளி போன்ற சதுப்பு. வடக்கிலிருந்து நேராக வந்த கரை இங்கே மேற்கே மடிந்து திரும்ப, இரு பக்கமும் கடல். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கொண்டு போய்விட்டது. இருட்டும் வரையில் ஒருவரும் இறங்க மனம் கொள்ளவில்லை, வழிகாட்டிதான் அவசரப்படுத்தினார்.

திரும்பும் பஸ் திருத்துறைப்பூண்டியைத் தாண்டுமுன் பிள்ளைகள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சின்னப் பெண்ணின் கையிலிருந்த உப்பு முடிச்சு கசிந்து, பாவாடையெல்லாம் ஈரமாகியிருந்தது. முடிச்சை மட்டும் அவள் விடவில்லை.