கோலைத் தேடும் விதிகள்

நான்கு கம்பங்கள். நடு இடைவெளியில் பந்தை உதைத்தால் 6 புள்ளி, ஓர இடைவெளியில் போனால் 1. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் கணக்கு இதுதான்.

1969இல் விக்டோரியா லீக் ஒரு விதியை மாற்றியது. உதைத்த பந்து தரையைத் தொடாமல் எல்லைக்கோட்டைத் தாண்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். ஓரமாக உதைத்துத் தப்பும் வழி அடைபட்டது, புள்ளிகள் குவிந்தன.

எல்லா மாற்றமும் இப்படிப் பலிக்கவில்லை. 2019இல் 6-6-6 விதி வந்தது. நடுவர் மையத்தில் பந்தை மேலே எழுப்பும்போது முன்களம், நடுக்களம், பின்களம் மூன்றிலும் ஒவ்வொரு அணிக்கும் ஆறாறு பேர் நிற்க வேண்டும். ஆனால் பந்து எழும்பியதும் வீரர்கள் ஓடிப்போய்த் தடுப்பில் குவியலாம். சராசரிப் புள்ளி முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது.

2021இல் இன்னொரு முயற்சி: பந்தைப் பிடித்தவருக்கு எதிரே நிற்பவர், நடுவர் ‘நில்’ என்றதும் அசையக்கூடாது. அசைந்தால் 50 மீட்டர் தண்டனை!